நெஞ்ச நோயும் குடிவழியும்

இருப்புப்பாதை ஒரு முழமும் இல்லாத தீவிலே வாழும் உங்கட்கு, இருப்புப்பாதைத் துறையிலே எழுத்தனாக ஊழியம் பார்க்கும் ஒருவன் கட்டுரை வரையப் புகுவது சற்று விந்தையே. எனினும் என் தமக்கை உங்கள் சங்கத்தில் நெடுநாளைய உறுப்பினர். ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதுக என்று செயலாளர் கேட்டபோது, தமிழர் கடல் கடந்த வரலாற்றைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். பின்னர், கடல் கடந்த தமிழரோடு கலமேறி வந்து, அவர்தம் மார்புக்குள்ளே குடியிருக்கும் ஒன்றன் வரலாற்றை எழுதுதல் அதனினும் பயனுடைத்து எனத் தோன்றிற்று. அதுவே நெஞ்ச நோயின் வரலாறு. நான் மருத்துவம் கற்றவன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கேட்டும் படித்தும் அறிந்தவற்றை, பேரேட்டில் வரவு செலவு எழுதுவது போல் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

இவ்வாராய்ச்சியில் நான் ஈடுபட நேர்ந்தது ஒரு வினாவினால். என் தாய்மாமன் பட்டாளத்தில் பதினைந்து ஆண்டு ஊழியம் புரிந்தவர். 1969 முதலாக முன்னாள் படைவீரர் குடும்பங்கள் ஏறத்தாழ 330 பெரிய நிக்கோபாரில் குடியமர்த்தப்பட்டனவல்லவா? அவர்களுள் அவரும் ஒருவராய் 1978இல் வந்து காடு திருத்தித் தென்னை வைத்தார். 1980இல் என் தமக்கையையே மணந்தார். 1996இல் தம் 52ஆம் வயதில், தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து உயிர் நீத்தார். "காற்று அடைத்துவிட்டது" என்றார்கள். அவருடைய மருத்துவச் சீட்டுகள் இருந்த இரும்புப் பெட்டியை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோயிற்று. 2021இல் அவர்தம் மூத்த மகனுக்கு, முப்பத்தொன்பதாம் வயதில், மூச்சிரைப்பு கண்டது. தாயகத்து மருத்துவமனை ஒன்றில் இதயத் தசை தடித்திருப்பதாகக் கண்டார்கள். அங்கிருந்த மருத்துவர் என்னை நோக்கி, "இவர் தந்தை எதனால் இறந்தார்? பாட்டனார் எதனால் இறந்தார்?" என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. மூன்று தலைமுறையின் நிலப் பட்டாவைக் காட்ட வல்ல குடும்பத்துக்கு, மூன்று தலைமுறையின் சாவுக்குக் காரணம் சொல்ல இயலவில்லை. அந்த வெட்கமே என்னை நூல்களின்பால் செலுத்திற்று.

சிங்கப்பூரில் எழுந்த ஐயம்

நம்மவரின் நெஞ்ச நோய் பற்றிய முதற் பெரும் எச்சரிக்கை, தாயகத்தில் அன்று, கடல் கடந்த நாட்டிலேதான் எழுந்தது. சிங்கப்பூரில் 1950 முதல் 1954 வரை நடைபெற்ற 9,568 பிணப் பரிசோதனைக் குறிப்புகளை டி. ஜே. தனராஜ் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவரும் ஆராய்ந்து, 1959இல் முடிவை வெளியிட்டனர். ஒரே துறைமுக நகரில், ஒரே வெயிலிலும் மழையிலும் வாழ்ந்த சீனரையும் இந்தியரையும் ஒப்பிட்டபோது, இதயக் குருதிக் குழாய் அடைபடும் நோய் சீனரைவிட இந்தியரிடத்தே ஏழு மடங்கு மிகுந்திருந்தது. சிங்கப்பூர் இந்தியருள் தமிழரே பெரும் பகுதியினர் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. தனராஜ் பின்னர் மலாயாப் பல்கலைக் கழக மருத்துவப் பிரிவின் முதல் தலைவராய் விளங்கினார்.

காற்றும் நீரும் ஒன்றாயிருக்க, நோய் மட்டும் வேறுபட்டது ஏன்? உணவா? தொழிலா? குடிவழியா? இவ்வினா அன்று தீரவில்லை.

இருப்புப்பாதை தந்த கணக்கு

இனி, என் துறையின் பங்கைச் சொல்லச் சற்றே பெருமை கொள்கிறேன். நோயின் போக்கை அறிய வேண்டுமாயின், பல மாநிலத்து மக்கள் ஒரே நிருவாகத்தின்கீழ், ஒரே மருத்துவ ஏற்பாட்டின்கீழ், வயதும் பதவியும் பதியப்பெற்று வாழ வேண்டும். இந்திய நாட்டில் இருப்புப்பாதை ஊழியரைப் போல இதற்கு ஏற்றவர் வேறு எவர்? இதனை உணர்ந்தவர் இரயில்வே மருத்துவத் துறையைச் சேர்ந்த எஸ். எல். மல்கோத்ரா. 18 முதல் 55 வயது வரையுள்ள பதினொன்றரை இலட்சம் இரயில்வே ஊழியரின் கணக்கை ஆராய்ந்து, 1967இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' என்னும் இதழில் வெளியிட்டார்.

அவர் கண்டவை வியப்பூட்டுவன. வடக்கே பஞ்சாபியரைக் காட்டிலும் தெற்கே உள்ளவரிடம் இந்நோய் ஏழு மடங்கு மிகுந்திருந்தது. இலட்சத்துக்கு வடக்கில் 20 பேர் இறக்க, தெற்கில் 135 பேர் இறந்தனர். இறந்தோரின் சராசரி வயது வடக்கில் 52; தெற்கில் 44. இத்தனைக்கும் பஞ்சாபியர் உண்ட கொழுப்பு தென்னாட்டார் உண்டதைப் போல் 8 முதல் 19 மடங்கு. அதுவும் பெரும்பாலும் நெய்யும் பாலும். நெய் உண்பவன் வாழ, சோறும் குழம்பும் உண்பவன் வீழ்கிறான் என்றால், நெய்யொன்றையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் எங்ஙனம்?

மல்கோத்ரா இதற்குக் குடிவழியைக் காரணமாகக் கூறவில்லை. உண்ணும் முறையிலும் பாற்பொருளின் தன்மையிலும் காரணத்தைத் தேடினார். பின்னாளில் பலர் அவருடைய விளக்கத்தை ஏற்கவில்லை. சிற்றூரைவிட நகரில் நோய் மிகுதல், புகையிலை, நீரிழிவு, உடலுழைப்புக் குறைவு ஆகியவற்றின் பங்கு பின்னர் நன்கு புலனாயிற்று. இன்று வட இந்தியாவும் இந்நோயில் பின்தங்கி நிற்கவில்லை. ஆயினும் 44 என்னும் அந்த எண்ணை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு வயது 44. நாற்காலியிலேயே சிறிது நேரம் அசையாதிருந்தேன்.

அணுவுக்குள் புகுந்த கதை

ஒரு குடும்பத்தின் மூக்கும் நிறமும் வழிவழி வருதலை உலகம் என்றும் அறியும். அதற்கு ஒரு கணக்கு உண்டு என்று 1866இல் காட்டியவர் பட்டாணிச் செடிகளை வளர்த்த கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. அக்கணக்கு எழுதப்பட்ட ஏட்டின் வடிவம், முறுக்கிய ஏணி போன்ற டி.என்.ஏ. இழையே என்பது 1953இல் வெளியாயிற்று. அதற்கடுத்த ஆண்டுகளில் நம் சென்னைப் பல்கலைக் கழகத்திலே ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்னும் இருவரும், தசைநாரிலும் தோலிலும் இதய வால்விலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று புரி கொண்ட கயிறு போன்றது என்று நிறுவினர். கிண்டியிலிருந்தும் உலகத்துக்கு ஒளி சென்ற காலம் அது.

நெஞ்ச நோய்க்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியவர் அமெரிக்காவின் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்டுஸ்டைன் ஆகிய இருவர். குருதியில் ஓடும் கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாயில் ஒன்று உயிரணுவின் மேல் உண்டு. அவ்வாயிலின் மரபணு பழுதுற்ற குடும்பங்களில் கொலஸ்ட்ரால் வெளியே தேங்கி, இளமையிலேயே மாரடைப்பு நேர்கிறது. 1970களில் இதனைக் கண்ட அவர்கள் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். 1963இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்த 'லிப்போபுரோட்டீன் ஏ' என்னும் கொழுப்புப் புரதமும் பெரும்பாலும் பிறவியிலேயே வரையறுக்கப்படுவது. அதன் அளவு மிகுந்தோர்க்கு மாரடைப்பின் அபாயமும் மிகுகிறது.

குழாய் அடைபடுதல் ஒரு வகை. இதயத் தசையே தடித்தோ விரிந்தோ நலிதல் மற்றொரு வகை. தசை தடிக்கும் நோய்க்குரிய முதல் மரபணுப் பிழையை 1990இல் அமெரிக்காவில் சைட்மன் தம்பதியர் குழுவினர் கண்டனர். என் மாமன் குடும்பத்தைப் பற்றியது இந்த இரண்டாம் வகையே.

மதுரையிலிருந்து வந்த செய்தி

2003இல், இரண்டு இந்தியக் குடும்பங்களில் 'இதய மையோசின் பிணைப்புப் புரதம் சி' என்பதன் மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டிருப்பதை ஆய்வாளர் குறித்தனர். அதனைப் பின்தொடர்ந்தவர், மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணி. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் முதலிய அறிஞர் பலர் சேர்ந்து முடித்த அவ்வாராய்ச்சி 2009இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது.

விடுபட்ட 25 எழுத்து என்ன செய்யும்? என் தொழிலிலிருந்தே உவமை கூறுகிறேன். மனிதனின் மரபேட்டில் 300 கோடி எழுத்துக்கள் உண்டு. அவற்றுள் 25 என்பது, நீண்ட சரக்கு வண்டியின் இணைப்புக் கொக்கி ஒன்றைப் போன்றது. சரக்கு அதில் இல்லை. ஆயினும் கொக்கி விடுபட்டால் அதனை அடுத்த பெட்டி வழியிலே தங்கிவிடும்; அதற்குப் பின்னுள்ள பெட்டிகளும் தாறுமாறாகச் சேரும். அங்ஙனமே புரதத்தின் கடைப்பகுதி உருமாறிப் பிறக்கிறது. அது தசை நாரிலே தன் இடத்தில் பொருந்தாது. நாளொன்றுக்கு ஓர் இலட்சம் முறை சுருங்கி விரியும் இதயம், நாற்பது ஐம்பது ஆண்டுகள் அக்குறையைத் தாங்கிப் பின் தளர்கிறது.

தென்னாசிய மக்களுள் நூற்றுக்கு நால்வரிடம் இம்மாற்றம் இருப்பதாகவும், அது 33,000 ஆண்டுகட்கு முன்னர்த் தோன்றியிருக்கலாமெனவும் அவர்கள் கணித்தனர். கொல்லும் பிழையை இயற்கை ஏன் களைந்துவிடவில்லை? களைவதற்கு முன்னரே அது அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடுகிறது என்பதே விடை. மணம் முடித்துப் பிள்ளை பெற்ற பின்னன்றோ மூச்சிரைக்கிறது!

ஆயின் அறிவியல் ஒருநாளும் ஒரே இடத்தில் நிற்பதன்று. 2018இலும் 2020இலும் வெளியான ஆய்வுகள் இக்கணக்கைத் திருத்தின. 25 எழுத்து விடுபடுதல் தனியே நின்று செய்யும் தீங்கு, முன்பு அஞ்சியதைவிட மிகக் குறைவு என்றும், அவ்வெழுத்துக் குறையுடையாருள் ஒரு சிறு பிரிவினரிடம் அதனோடு ஒட்டியே வரும் வேறு மாற்றங்கள்தாம் பெரும் தீங்கு விளைப்பன என்றும் புலனாயிற்று. எனவே 'நூற்றுக்கு நால்வர் சாவைச் சுமந்து திரிகின்றனர்' என்று அக்காலச் செய்தித்தாள்கள் எழுதியதை மனத்திற்கொண்டு எவரும் அஞ்ச வேண்டா. கணக்கில் பிழை கண்டால் சிவப்பு மையால் திருத்தி ஒப்பமிடுவது எழுத்தனுக்கு அழகு; அறிஞருக்கும் அதுவே அழகு.

நம் தீவும் நம் திருமணமும்

இதே தங்கராஜ் அவர்களின் குழுவினர் 2005இல் அந்தமான், நிக்கோபார் முதுகுடிகளைப் பற்றி 'சயன்ஸ்' இதழில் எழுதினர். ஓங்கேயரும் பெரிய அந்தமானியரும் மிகத் தொன்மையான, பல்லாயிரம் ஆண்டு தனித்திருந்த வழியினர். நிக்கோபாரியரோ தென்கிழக்காசிய மக்களோடு உறவுடையவர். ஒரே தீவுக் கூட்டத்துக்குள்ளும் குடிவழி இத்துணை வேறுபடுகிறது. ஆறு மாநிலத்தார் ஒரே சாலையில் வீடு கட்டி வாழும் கேம்பல் பேயில் ஒருவர்க்குரிய நோய் மற்றவர்க்கும் உரியதென்றோ, ஒருவர்க்குரிய மருந்தளவு மற்றவர்க்கும் பொருந்துமென்றோ கொள்வது தவறாகலாம்.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வு நம்மைப் பற்றியது. இந்திய மக்கள் 4,200 ஆண்டு முதல் 1,900 ஆண்டு வரைக்கும் முற்பட்ட காலத்தில் பெரிதும் கலந்து மணந்தனர் என்றும், பின்னர்த் தத்தம் வகுப்புக்குள்ளேயே மணக்கும் வழக்கம் இறுகிற்று என்றும் அது கூறுகிறது. கலப்பு நின்ற காலம் ஏறத்தாழ நம் சங்க காலம் என்பது சிந்திக்கத்தக்கது. 2017இல், 260க்கும் மேற்பட்ட தென்னாசிய சமூகத்தாரை ஆராய்ந்தபோது, அவற்றுள் 81 சமூகங்கள் மிகச் சில மூதாதையரிடமிருந்தே பெருகியவை என்று கண்டனர். சில முன்னோரிடமிருந்து பலர் தோன்றினால், அம்முன்னோருள் ஒருவரின் பிழையும் பலரிடம் பரவும். வைசிய வகுப்பாருட் சிலருக்கு அறுவை மருத்துவத்தின்போது தரப்படும் தசைத் தளர்ச்சி மருந்தொன்று எளிதில் தெளியாமல் மூச்சு தடைப்படுவது இதற்கு நன்கறிந்த சான்று. காரணம் அறிந்த மருத்துவர் வேறு மருந்து தருவார், அவ்வளவே.

நம் வழக்கமோ இன்னும் நெருக்கமானது. தாய்மாமனுக்கும் அவன் மருமகளுக்கும் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு பொது. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு. சொத்து சிதறாமை, பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் பாதுகாப்பு என இவ்வழக்கத்துக்கு நல்ல காரணங்கள் இருந்தன. கடல் நடுவே வந்து குடியேறியவர்கள், அறியாத வீட்டில் பெண் கொடுப்பதைவிட ஊரிலிருந்து உறவிலே பெண் கொண்டதும் இயல்பே. அதனை நான் பழிக்கவில்லை. என் தமக்கையின் இல்லறமே அதற்குச் சான்று. ஆயினும் தசை தடிக்கும் இந்நோயின் கணக்கு இது: பெற்றோருள் ஒருவரிடம் பிழை இருப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இருவரிடமும் இருப்பின், நான்கில் ஒரு பிள்ளை இரு பக்கத்திலிருந்தும் பெற்று, இளமையிலேயே கடும் நோய்க்கு ஆளாதல் கூடும்.

சென்ற ஆண்டிற்கு முந்திய ஆண்டு, என் தமக்கை தம் இளைய மகனுக்கு என் மகளைக் கேட்டார். முறைப்பெண், மறுப்பதற்கு உலக வழக்கில் காரணம் ஒன்றும் இல்லை. நான் மறுத்தேன். "உடன்பிறந்தவளின் வீட்டில் நோய் வந்ததும் பெண் கொடுக்க மனமில்லையோ தம்பி?" என்றார். ஓராண்டு என்னோடு பேசவில்லை. காரணத்தை அன்று நான் வெளிப்படையாகச் சொல்லத் துணியவில்லை. இன்று சங்கத்தார் அனைவர் முன்னும் எழுதுகிறேன். மூத்த மருமகனிடம் கண்ட அதே மரபணுப் பிழை, பரிசோதனையில் என்னிடமும் இருப்பதாகத் தெரிந்தது. என் இதயம் இன்றளவும் ஒழுங்காகவே உள்ளது. ஆண்டுதோறும் மின்வரைபடமும் எக்கோ படமும் எடுத்து வருகிறேன். என் மகளுக்கும் அது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். தமக்கையின் வீட்டில் குறை கண்டு நான் பெண் மறுக்கவில்லை. இரு வீட்டிலும் ஒரே குறை இருக்கையில் அதனை ஒரு தொட்டிலில் கொண்டுபோய்ச் சேர்க்கலாகாது என்றே மறுத்தேன். இதனை முதலில் உணர்ந்தவன் இளைய மருமகனே. "மாமா, அம்மாவிடம் நான் சொல்லுகிறேன்" என்று சொல்லி, தானும் பரிசோதனை செய்துகொண்டான். அதன் முடிவு அவனுக்குரியது; ஈண்டு எழுதேன்.

செய்ய வேண்டுவன

மரபணுப் பிழை தலையெழுத்தன்று. பிழையுடையார் பலர் முதுமை வரை நோயின்றி வாழ்கின்றனர். பிழையில்லாதாரும் புகையிலையாலும் நீரிழிவாலும் மாள்கின்றனர். குடும்பத்தில் ஒருவர்க்கு இந்நோய் கண்டால், உடன்பிறந்தாரும் மக்களும் மின்வரைபடமும் எக்கோவும் எடுத்தல் வேண்டும். மயக்கம், படபடப்பு, உழைக்கும்போது மூச்சிரைப்பு ஆகியவற்றைக் 'காற்று' என்று தள்ளிவிடலாகாது. இன்று மருந்துகள் உண்டு. ஆபத்தான துடிப்பைத் திருத்தும் கருவியும் உண்டு. ஆனால் 2024 வரை போர்ட் பிளேயர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்கும் கேம்பல் பேக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் கிடக்கிறது. மார்பில் வலி தொடங்கிய பின் கப்பலையோ ஹெலிகாப்டரையோ எதிர்பார்ப்பது எளிதன்று. எனவே முன்னறிதலே தீவில் வாழ்வார்க்குப் பெருமருந்து. வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே வகுத்து, நோயின் காரணத்தை நாடிய பின்னரே தணிக்கும் வழியை நாடச் சொன்னதும் இதுபற்றியே.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். பாட்டன், பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோர் எந்த வயதில், எந்த நோயால், எங்கே இறந்தனர் என்பதை எழுதுங்கள். ஒரு படியைத் தாயகத்து உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கடல் ஒருமுறை கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. அவ்வேட்டைச் சங்கத்தில் வைக்க வேண்டா. திருமணப் பேச்சில் அதனைப் பெண்ணைப் பழிக்கும் கருவியாக்கவும் வேண்டா. மருத்துவர் வினவும்போது விடை கூற அது உதவினால் போதும்.

முதல் தலைமுறை காடு திருத்திற்று. இரண்டாம் தலைமுறை கடல் அழித்ததை மீண்டும் கட்டிற்று. மூன்றாம் தலைமுறை தம் நெஞ்சின் நலத்தையும் பேணி நெடிது வாழ்க. என் தமக்கை இவ்வாண்டு பொங்கலுக்கு என்னோடு பேசினார். இம்மலரை அவருக்கு எவரேனும் படித்துக் காட்டுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!